'சமநிலை வனவளர்ப்பு' என்றால் என்ன?

விற்க மரம் வேண்டும், ஊரின் தண்ணீரும் மேய்ச்சலும் கெடக்கூடாது. இரண்டையும் கணக்கில் வைத்து நடுவதுதான் இது.

பெங்களூரிலிருந்து கோலார் போகும் வழியில் வரிசை பிடித்து நிற்கும் தைலமரங்களைப் பார்த்திருப்பீர்கள். கன்னடக்காரர்கள் நீலகிரி என்பார்கள். காகிதக்கூழுக்கு நல்ல மரம். சில வருடங்களில் வெட்டலாம், வெட்டிய கட்டையே மறுபடி துளிர்க்கும். பணம் சரி. ஆனால் வேர் ஆழமாக இறங்கி நீரை இழுக்கும், இலையை ஆடுமாடு தொடாது. கர்நாடக அரசு 2017-ல் புதிதாக நடத் தடை போட்டதும் நிலத்தடி நீரை நினைத்துத்தான்.

பெங்களூர் அல்சூரில் ஒரு வீட்டு மோட்டார் நாள் முழுக்க ஓடினால் பக்கத்து வீட்டு போர்வெல் என்னாகும்? அதே கதை. அதனால் சமநிலை வனவளர்ப்பில் ஓடைக்கரையை விட்டுவிட்டு, இடையில் புங்கன், பலா வைத்து, பகுதி பகுதியாக வெட்டுவார்கள்.

அப்புறம், தைலமரமே விஷம் என்று சிலர் சொல்வது சரியல்ல. ஆஸ்திரேலியாவில் அது காட்டு மரம், கோலா அதன் இலையைத்தான் தின்கிறது. இங்கே சிக்கல், வறண்ட மண்ணில் நெருக்கி நட்டது.