திருகோணமலை: ஆறு எழுத்து, முப்பது பைட்

வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணா,

நிலாவெளி வீதியோரம் இருக்கும் எங்கள் வாசிகசாலையின் நூற்பட்டியலைக் கணினியில் ஒழுங்குபடுத்தும் வேலையைப் பொறுப்பேற்றிருக்கிறேன். கையெழுத்துப் பதிவேடு 2004 சுனாமியில் போய்விட்டது. அதற்கு முன்பு ஒருவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த பிரதியும், பின்னர் பலர் சேர்த்த கோப்புகளும்தான் மிச்சம். என் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் இருக்கிறது. மொழி அமைப்பு இலங்கைத் தமிழ்.

வாடகை சர்வரில் நுழைந்து கோப்புகளைப் பட்டியலிட்டால் தமிழ்ப் பெயர்களுக்குப் பதிலாக 340, 256, 244 என்று சாய்கோடு போட்ட எண்கள் வருகின்றன. விரிதாளிலிருந்து சேமித்து அனுப்பப்பட்ட கோப்பில், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் நிறைந்திருக்கின்றன. இன்னொரு கோப்பில் ‘திருகோணமலை’ என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் வரிகளில் பாதி அகப்படவில்லை. பாமினிக் கோப்போ வெறும் ஆங்கில எழுத்தாகக் கிடக்கிறது. சரியான கோப்பிலும்கூட டெர்மினலில் கொம்பு இடம் மாறி நிற்கிறது. எல்லாவற்றையும் குறிமுறை மாற்றும் ‘ஐகான்வ்’ கட்டளையில் போட்டு, எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 குறிமுறை ஆக்கி அதே பெயரில் சேமித்துவிடு என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா?

அன்புத் தங்கை,
உப்புவெளி

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

செய்ய வேண்டாம். இந்தப் பதிலை வாசித்து முடிக்கும்வரை எந்தக் கோப்பையும் திறந்து சேமிக்கவும் வேண்டாம். முதலில் அந்தக் கோப்புறை முழுவதையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி அலுமாரியில் வையுங்கள். வேலையெல்லாம் இன்னொரு பிரதியில் நடக்கட்டும். சுனாமிக்குத் தப்பிய ஒரே பட்டியல் அது. கடல் விட்டுவைத்ததை நாம் ஒரு கட்டளையால் அழித்துவிடக்கூடாது.

உங்கள் கடிதத்தில் இருப்பவை ஐந்து வெவ்வேறு நோய்கள். அவற்றில் இரண்டில் கோப்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. பார்க்கும் இடத்தில்தான் கோளாறு. ஐகான்வ் நல்ல கருவிதான். ஆனால் மூலக்கோப்பு எந்தக் குறிமுறையில் (எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறையில்) இருக்கிறது என்று நாம் சொல்வதை அது அப்படியே நம்பும். ஏற்கனவே யூடிஎஃப்-8 ஆக இருக்கும் கோப்பை லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பியக் குறிமுறை என்று சொல்லிக் கொடுத்தால், முணுமுணுக்காமல் இன்னொரு தடவை மாற்றிவைக்கும். நலமாக இருந்த கோப்பு அந்த நொடியில் நோயாளியாகிவிடும்.

ஆகவே மருந்துக்கு முன் நாடி பார்க்க வேண்டும். அதற்கு நம் ஊர்ப் பெயரே போதும். திருகோணமலை என்பது நமக்கு ஆறு எழுத்து: தி, ரு, கோ, ண, ம, லை. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யுனிகோட் அதை உயிர்மெய்யாக எண்ணுவதில்லை. த, அதன் மேல் விசிறி (இகரக் குறி), ர, அதன் கீழ் உகரக் குறி என்று பிரித்து எண்ணுகிறது. அப்படி எண்ணினால் பத்துக் குறிகள். யூடிஎஃப்-8 இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், அதாவது 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள். ஆகமொத்தம் முப்பது. இந்த 6, 10, 30 மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ‘ஓ-டி’ என்ற கட்டளை கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும். ‘-டி யூ1’ என்று சேர்த்தால் சாதாரணப் பதின்ம எண்களாகவே வரும். நலமான தமிழ்க் கோப்பில் 224, 174 அல்லது 224, 175 என்ற இணை திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது எண்தான் எந்த எழுத்து என்று சொல்லும். ‘த’ என்றால் 224, 174, 164. உங்கள் பட்டியலில் சிங்கள நூல்களும் இருந்தால் பயப்பட வேண்டாம்: அங்கே இரண்டாவது எண் 182 அல்லது 183 ஆக இருக்கும். நம் ஊர்ப் பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்தும் மேலும் கீழும் நிற்பதைப் போல, ஒரே கோப்பில் இரண்டும் சண்டையில்லாமல் இருக்கலாம். யூடிஎஃப்-8 இன் பெருமையே அதுதான். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 இல் அதை வடிவமைத்தபோது, முதல் பைட்டும் தொடரும் பைட்டும் ஒருபோதும் குழம்பாதபடி எல்லை பிரித்துவைத்தார்கள். அதனால்தான் ஒரு கோப்பு உண்மையில் யூடிஎஃப்-8 தானா என்று ஏறக்குறைய ஐயமின்றிச் சோதிக்க முடிகிறது. ஐகான்வை இதற்குத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும்: யூடிஎஃப்-8 இலிருந்து யூடிஎஃப்-8 க்கே மாற்றச் சொல்லி, வெளியீட்டை எங்கும் சேமிக்காமல் விடுங்கள். பிழை வந்தால் எந்த இடத்தில் என்றும் சொல்லும்.

இனி சர்வர். அங்கே எந்தக் கோப்பும் கெடவில்லை. நீங்கள் எழுதிய 340, 256, 244 என்பவை எட்டின் அடிமான எண்கள். பதின்மத்துக்கு மாற்றினால் அதே 224, 174, 164. ‘த’ பத்திரமாக இருக்கிறது. லினக்ஸ் கோப்பு முறைமைக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. அதை எழுத்தாகக் காட்டலாமா என்று, கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளை, மொழியையும் குறிமுறையையும் சொல்லும் லோகேல் அமைப்பைக் கேட்கிறது; லோகேல் ‘சி’ என்ற அடிப்படை அமைப்பாக இருந்தால் எண்ணாகவே காட்டிவிடுகிறது. சர்வரில் ‘லோகேல் சார்மேப்’ என்று தட்டிப் பாருங்கள். ஆன்சி எக்ஸ்3.4-1968 என்று வந்தால், அது ஆங்கில எழுத்து மட்டுமே கொண்ட பழைய ஆஸ்கிக் குறிமுறையின் முழுப்பெயர். நுழையும்போது லோகேலை மாற்ற முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரியும் ஓடி மறைந்திருக்கலாம். காரணம் எளிது. உங்கள் மடிக்கணினி, சர்வரில் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பு வழியாகத் தன் இலங்கைத் தமிழ் அமைப்பைச் சர்வருக்குச் சொல்லி அனுப்புகிறது. சர்வரில் அந்த லோகேல் உருவாக்கப்படவில்லை. கேட்டது கிடைக்காததால் சி க்கு இறங்கிவிடுகிறது.

டெபியன் வகை லினக்ஸ் சர்வர் என்றால் ‘லோகேல்.ஜென்’ கோப்பில் இலங்கைத் தமிழைக் குறிக்கும் டிஏ_எல்கே வரியின் முன்னிருக்கும் கட்டக் குறியை (#) நீக்கி, ‘லோகேல்-ஜென்’ கட்டளையை ஓட்டி, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லையென்றால் ‘லாங்’ மாறிக்கு சி.யூடிஎஃப்-8 என்ற மதிப்பைக் கொடுத்தாலும் பெயர்கள் படிக்கக் கிடைக்கும். ஒன்று மட்டும்: அந்த அமைப்பில் வரிசைப்படுத்தினால் அகரவரிசை வராது, குறியெண் வரிசைதான் வரும். ந வுக்கு அடுத்து ன, ர வுக்கு அடுத்து ற என்று நூற்பட்டியல் நிற்கும். வாசிகசாலைக்கு அது ஆகாது. ‘எல்சி_ஆல்’ மாறியை எல்லாவற்றுக்கும் மேலாக நிரந்தரமாக வைக்கும் பழக்கமும் வேண்டாம். அது மற்ற எல்லா அமைப்பையும் மூடிவிடும். சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விரிதாள் கோப்புக்கு வருகிறேன். என் கவலை முழுவதும் இதில்தான். தலைக்கோடு போட்ட ஏ என்பது லத்தீன்-1 இல் 224 ஆவது எழுத்து. வட்டத்து ஆர் 174 ஆவது. அதாவது யாரோ தமிழ்ப் பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய எழுத்தாக வாசித்திருக்கிறார்கள். கேள்வி என்னவென்றால், வாசித்ததோடு நின்றார்களா, சேமித்தும்விட்டார்களா? ஓ-டி யில் பாருங்கள். 224, 174 என்று இருந்தால் கோப்பு நலம். திறந்த மென்பொருளுக்கு யூடிஎஃப்-8 என்று சொன்னால் போதும். 195, 160, 194, 174 என்று இருந்தால் தவறாக வாசித்ததை மறுபடியும் யூடிஎஃப்-8 ஆக எழுதிவிட்டார்கள். இதையும் மீட்கலாம். ஆனால் 63 என்ற கேள்விக்குறியோ, 239, 191, 189 என்ற மாற்றுக்குறியோ இடையிடையே வந்தால், அந்த இடங்களில் மூலப் பைட் போய்விட்டது.

இங்கே தமிழுக்கென்றே ஓர் இடர் இருக்கிறது. இதை எழுதத்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் சொல்கிறேன். லத்தீன்-1 ஐப் போன்ற, விண்டோஸ் கணினிகளுக்கான விண்டோஸ்-1252 என்ற குறிமுறையில் ஐந்து இடங்கள் காலி. அவற்றில் நான்கு, நம் எழுத்துகளின் மூன்றாவது பைட்டாக வருகின்றன: 143 இல் முடிவது ஏ, 144 இல் முடிவது ஐ, 129 இல் முடிவது உகரக் குறி, 141 இல் முடிவது புள்ளி. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா? கண்டிப்பான மென்பொருள் இந்த இடங்களில் கேள்விக்குறி போட்டுவிடும். அதன்பின் உகரமும் புள்ளியும் ஒன்றாகிவிடும்: இரண்டுமே 224, 175 ஐத் தொடர்ந்து ஒரு கேள்விக்குறி.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் இப்படி என் கையில் வந்தது. மூலக்கோப்பின் மேலேயே சேமித்திருந்தார்கள். முருகன் என்ற பெயரை எவராலும் ஊகித்துவிட முடியும். ஆனால் தங்கவேல், தங்கவேலு? குமாரவேல், குமாரவேலு? இரண்டும் ஒரே பைட் வரிசையாகக் கிடந்தன. வேறு வேறு மனிதர்கள், வேறு வேறு சந்தாப் பணம். ஊரறிந்த முதியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர் பெயராக வாசித்து, யார் வேல், யார் வேலு என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினோம். அவருக்கும் தெரியாத பெயர்கள் சில அப்படியே நின்றுவிட்டன. இன்றைக்கும் அந்தப் பட்டியலை நினைத்தால் மனம் கனக்கிறது. ஒரு பிரதி எடுத்திருந்தால் போதுமாயிருந்தது.

உங்கள் கோப்பில் கேள்விக்குறி இல்லாமல் 195, 160 மட்டும் இருந்தால், ஐகான்வால் நேரடியாகத் திருப்ப முயன்று களைக்க வேண்டாம். லத்தீன்-1 என்றால் சில குறிகளில் தடுக்கும், விண்டோஸ்-1252 என்றால் அந்தக் காலி இடங்களில் தடுக்கும். பைத்தான் நிரல்மொழியில் ‘எஃப்டிஎஃப்ஒய்’ என்ற நிரல் நூலகம் இருக்கிறது. காலி இடங்களையும் விட்டுவிடாமல் கணக்கில் எடுத்துத் திருப்பக்கூடியது. அதில் போட்டு, வெளியீட்டைப் புதிய பெயரில் எழுதுங்கள்.

தேடலில் பாதி வரிகள் அகப்படாத கோப்பு எனக்கு மிகவும் பிடித்த புதிர். குற்றவாளி ‘கோ’. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. அந்த வரியிலிருந்து ஊர்ப்பெயரை மட்டும் ‘கட்’ கட்டளையால் வெட்டி, ‘டபிள்யூசி -எம்’ என்று எண்ணிப் பாருங்கள். வரிமுடிவுக்கு ஒன்றும், விண்டோஸ் கோப்பாக இருந்தால் இரண்டும் கழித்துவிடுங்கள். 10 வந்தால் சேர்த்து எழுதியது. 11 வந்தால் பிரித்து எழுதியது. 30 வந்தால் கோப்பில் அல்ல, உங்கள் லோகேலில் கோளாறு: எழுத்தை எண்ணத் தெரியாமல் பைட்டை எண்ணுகிறது. ‘-எம்’ க்குப் பதில் ‘-சி’ என்று பைட்டையே எண்ணச் சொன்னால், சேர்த்து எழுதியதற்கு 30, பிரித்து எழுதியதற்கு 33, இருமுறை மாற்றப்பட்டதற்கு 60 அல்லது சற்று மேலே, பாமினிக்கு 10. ஊர்ப்பெயர் ஒன்றே உங்கள் கோப்புகளில் பெரும்பாலானவற்றைப் பிரித்துத் தந்துவிடும்.

இதற்கு மருந்து ‘யூகான்வ்’ கட்டளை. ‘எனி-என்எஃப்சி’ என்று சொன்னால் எல்லா ஓகாரத்தையும் சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவரும். கோப்புப் பெயர்களிலேயே இந்தப் பிரிவு இருந்தால் (பழைய மாக் கணினிகளிலிருந்து வந்த கோப்புகளில் இருக்கும்) ‘கான்வ்எம்வி’ பயன்படும். அது முதலில் ஒத்திகைதான் பார்க்கும். நாம் வெளிப்படையாகச் சொன்னால்தான் பெயரை மாற்றும். எல்லாக் கருவிகளும் இவ்வளவு மரியாதையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஸ்ரீ மட்டும் தனிக்கதை. ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005 இல் யுனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். யூகான்வ் இந்த இரண்டையும் ஒன்றாக்காது. அவற்றை நீங்களே தேடி ஒரு வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பாமினிக் கோப்பை ஐகான்வ் தொடவே முடியாது. அது உண்மையிலேயே ஆங்கில எழுத்து. தமிழ் வேஷம் எழுத்துருவில் மட்டுமே இருந்தது. திருகோணமலை அங்கே ஜே, பி, யூ, என், எஃப், எச், இசட், கே, ஐ, வை என்ற பத்து எழுத்து. மாற்றுவதற்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினி அட்டவணை உண்டு. ஆனால் உங்கள் பட்டியலில் ஆங்கில நூற்பெயர்களும் முதலெழுத்துகளும் கலந்திருக்கும். அவையும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். எது பாமினி, எது ஆங்கிலம் என்று சொல்வது மூல ஆவணத்தில் இருந்த எழுத்துரு அடையாளம் ஒன்றுதான். வெறும் உரைக் கோப்பில் அது இல்லை. தட்டச்சு செய்தவரையோ அவர் வீட்டாரையோ தேடிப்போய், பழைய ஆவணக் கோப்பு, குறுந்தட்டு, அச்சிட்ட தாள் எது கிடைத்தாலும் வாங்குங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

டெர்மினலில் கொம்பு இடம் மாறுவதை விட்டுவிடுங்கள். டெர்மினல் கட்டம் கட்டமாக எழுத்தை வைப்பது. நம் கொம்பு மெய்க்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பது பல டெர்மினல்களுக்குத் தெரியாது. அதே கோப்பை உலாவியில் திறந்தால் சரியாக இருக்கும். கான்சோல், எம்எல்டெர்ம் போன்ற டெர்மினல்களில் ஓரளவு நன்றாகத் தெரியும். கோப்பைத் திருத்திக் கொம்பைச் சரிசெய்ய மட்டும் முயல வேண்டாம்.

விரிதாள் கோப்பின் முதல் சில வரிகளை ஓ-டி யில் போட்டு, வரும் எண்களை எனக்கு அனுப்புங்கள். கோப்பை மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினால் வழியில் அதுவும் மாறக்கூடும், எண்கள் மாறா. 63 எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணா
திருகோணமலை