வேர் ஏன் கூப்பிடவில்லை?

"மஞ்சள் நடவோட வேம்ங்கிற (VAM) பூஞ்சாண உரம் போட்டேனுங்க. அடியுரமா ஏக்கருக்கு ரெண்டு மூட்டை டிஏபியும் போட்டிருந்தேன். வேம் போட்ட பாருக்கும் (நடவு மேட்டுக்கும்) போடாத பாருக்கும் துளி வித்தியாசம் தெரியலை. வேர் ஏதோ மருந்தைக் கசியவிட்டு பூஞ்சாணத்தைக் கூப்பிடும்னு வீடியோவுல சொல்றாங்க. என்ற தோட்டத்து வேர் மட்டும் ஏனுங்க கூப்பிடலை?" அந்தியூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்.

கூப்பிடும் தேவை அதற்கு வரவில்லைங்க. இரண்டு மூட்டை டிஏபியில் 46 கிலோ மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ் சத்து, இருக்கிறது. காலடியிலேயே சோற்றுப் பானை இருக்கும்போது வேர் யாரைக் கூப்பிடப் போகிறது?

வேம் என்கிற வேர் உட்பூசணம் உயிருள்ள வேர் இல்லாமல் பிழைக்காது. வேருக்குள் புகுந்து சர்க்கரையையும் கொழுப்பையும் வாங்கிக்கொள்ளும்; பதிலுக்கு, வேர்த்தூவி எட்டாத தூரத்துக்கு இழைகளை ஓட்டி மணிச்சத்தை இழுத்து வந்து கொடுக்கும். நம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் கலந்த செம்மண்ணில் இது சின்ன உதவி அல்ல. அந்த மண்ணில் மணிச்சத்து சுண்ணாம்போடு கட்டிப்பிடித்துக்கொண்டு நகராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரைக் காலி செய்துவிட்டுக் கையைப் பிசைந்து நிற்கும். ஆனால் இந்தக் கூட்டாளிக்குப் பயிர் கூலி கொடுத்தாக வேண்டும். இலை சமைத்ததில் ஐந்தில் ஒரு பங்குவரைகூடப் போகலாம். அதனால் பசி வந்தால்தான் ஆள் கூப்பிடும்.

எதை வைத்துக் கூப்பிடுகிறது என்பது சுவையான கதை. 1966-இல் பருத்தி வேர்க் கசிவிலிருந்து ஸ்ட்ரைகால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது என்ன செய்தது தெரியுமா? சோளக்காட்டில் வேரோடு ஒட்டி உறிஞ்சுமே சுடுமல்லி, அந்தக் களையின் விதையை முளைக்க வைத்தது. எதிரியை எழுப்பும் பொருளை ஒரு பயிர் ஏன் செய்து வெளியே விட வேண்டும்? அதிலும் சுடுமல்லி பருத்தியில் வாழ்வதே இல்லை. விடை கிடைக்க 39 ஆண்டுகள் ஆயின. 2005-இல் அகியாமா என்ற ஜப்பானியரும் அவர் குழுவினரும் அதே குடும்பத்துப் பொருள்தான் வேம் பூஞ்சாண இழையைக் கிளை கிளையாகப் பிரிய வைக்கிறது என்று காட்டினார்கள். கூட்டாளிக்குக் கொடுத்த குரலைத்தான் சுடுமல்லி வேலியோரம் நின்று ஒட்டுக்கேட்டிருக்கிறது! இந்தக் குடும்பத்துக்கு ஸ்ட்ரைகோலாக்டோன் என்று பெயர். ஈரமண்ணில் இது சீக்கிரம் சிதைந்துவிடும். கோளாறு போலத் தெரியும் இந்தக் குணம்தான் அதன் சாமர்த்தியம்: வாசம் பலமாக இருந்தால் உயிருள்ள வேர் கிட்டத்தில் இருக்கிறது என்று பொருள். பூஞ்சாணமும் சும்மா இருப்பதில்லை, தன் பங்குக்குச் சில பொருள்களைக் கசியவிட்டு "வருவது பகையாளி இல்லை" என்று வேருக்குத் தெரிவிக்கிறது. அதன் பிறகே கதவு திறக்கும்.

மணிச்சத்து தாராளமாக இருந்தால் இந்தக் கசிவு குறைந்துவிடும். உங்கள் பாரில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. விதைமஞ்சளைக் கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லிக் கரைசலில் முக்கி எடுத்து நட்டீர்களா? பெனோமில் என்ற மருந்து மண்ணில் கார்பென்டாசிமாகத்தான் மாறும். வேம் இல்லாத பாத்தி வேண்டுமென்றால் ஆராய்ச்சிக்காரர்கள் அந்தப் பெனோமிலைத்தான் ஊற்றுவார்கள். ஒரு கையில் கூட்டாளி, மறுகையில் அவனுக்கு விஷம் என்றாகிவிடக் கூடாது. கிழங்கு அழுகலுக்குப் பயந்து செய்ததென்றால் நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா விரிடியும் சூடோமோனாஸும் இருக்கின்றன. (விரிடியின் சில வகைகள் ஆய்வகத் தட்டில் நன்றாக வளர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்தால் தேங்காய் வாசம் அடிக்கும். பொள்ளாச்சிக்காரர்கள் ஏமாந்துபோவார்கள். அந்த வாசப் பொருளே மற்றப் பூஞ்சாணங்களை அடக்கும் ஆயுதம்.)

வீடியோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணுக்கடியில் இன்டர்நெட் ஓடுகிறது, தாய் மரம் பிள்ளை மரத்துக்குச் சோறூட்டுகிறது என்றெல்லாம் பேசுகிறார்கள். வேரும் பூஞ்சாணமும் வேதிப்பொருளால் பேசிக்கொள்வது உறுதியானது. காடு முழுக்கச் சேதி போகிறது என்பதற்கு வெளிக்காட்டில் கிடைத்திருக்கும் ஆதாரம் அந்தப் பேச்சளவுக்குப் பலமாக இல்லை. அதை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள்.

அடுத்த வெள்ளாமைக்கு முதலில் மண் ஆய்வு செய்யுங்கள். மண் ஆய்வு அட்டையில் மணிச்சத்து ஏக்கருக்கு 9 கிலோவுக்கு மேல் என்று வந்தால் அது 'அதிகம்'. அங்கே டிஏபியும் பெரிதாக வேண்டாம், வேம் வாங்கும் காசும் மிச்சம். 4.5-க்குக் கீழே இருந்தால் அடியுரத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் குறைத்து, வேமைக் கிழங்குக்கு அடியில், புது வேர் இறங்கும் வழியில் வையுங்கள். மேலே தூவினால் பிரயோசனம் குறைவு. மஞ்சளுக்கு முன்னால் காட்டை வெறுமனே போடாமல் சோளத்தட்டு விதைத்தால் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சாணமே பெருகும். முட்டைக்கோசு, முள்ளங்கி, கடுகு போன்றவற்றோடு வேம் கூட்டுச் சேராது. உயிருள்ள வேர் இருந்தால் பூஞ்சாணம் தானே நிலைக்கும்: காங்கேயம் கொரங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) கொழுக்கட்டைப் புல்லின் வேர் வருசம் முழுக்க உயிரோடு கிடக்கும். யாரும் அங்கே வேம் பாக்கெட் பிரிப்பதில்லை.

வேம் பிடித்ததா என்று கண்ணால் பார்க்க முடியாது. இளவேரைக் காரக் கரைசலில் வேகவைத்து, கழுவி, வினிகரில் கலந்த பேனா மையில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் பார்த்தால் வேருக்குள் நீல இழை ஓடியிருப்பது தெரியும். அதற்காக மஞ்சளைப் பிடுங்க மனசு வராதுதான். மஞ்சளுக்குள் ஊடுபயிராகச் சின்ன வெங்காயம் போடுவீர்கள் அல்லவா, அதைப் பிடுங்குங்கள். வெங்காயத்துக்கு வேர்த்தூவி குறைவு, இந்தப் பூஞ்சாணத்தை ரொம்பவே நம்பி இருக்கும் பயிர். இரண்டு பாரிலிருந்தும் பத்துப் பத்துச் செடியை மண்ணோடு எடுத்து, ஈரம் போகாமல் கட்டி, தனித்தனியாகப் பேர் எழுதி, வேளாண் நுண்ணுயிரியல் ஆய்வகம் எதிலாவது கொடுத்துப் பாருங்கள்.