ரப்பர் ஸ்டாம்ப் வைத்து, ஜிகினா இல்லாமல், எளிமையான பொங்கல் வாழ்த்து அட்டை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். நானே ஏழெட்டு வருடமாக ஒவ்வொரு மார்கழியிலும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் அட்டை எளிமையாக இருப்பதால் வேலையும் சுலபம் என்று நினைத்து உட்காராதீர்கள், முதல் நாளே எரிச்சல் வரும். பாசிமணியும் ஜரிகையும் ஒட்டிய அட்டையில் அச்சு கோணலாக விழுந்தால் மேலே ஒரு பூவை ஒட்டி மறைத்துவிடலாம். வெள்ளை அட்டையில் ஒரே ஒரு கரும்புதான் நிற்கிறது என்றால் மறைக்க எதுவும் கிடையாது. கொஞ்சம் சாய்ந்தாலும், மை கொஞ்சம் இழுகினாலும், பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும்.

நீங்கள் சொன்னபடி பார்த்தால் பொங்கலுக்கு முப்பது அட்டை வேண்டும், படம் வரைய வராது, கையில் இருப்பது ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் மட்டும். தாராளமாகப் போதும். அச்சு வைப்பவருக்கு வரையத் தெரிய வேண்டியதில்லை.

முதலில் அட்டை. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சார்ட் பேப்பர் வேண்டாம். மெல்லியது, மடித்து நிறுத்தினால் வயதானவர் மாதிரி கூனிவிடும். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) வரை கனமுள்ள, வழவழப்பான, ஆனால் பளபளப்பில்லாத ஐவரி கார்டு கேளுங்கள். சென்னையில் இருந்தால் பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பளபளக்கும் ஆர்ட் கார்டில் ஸ்டாம்ப் பேட் மை சட்டென்று உலராது, மறுநாள் தொட்டாலும் விரலில் வரும். கைவினைக் காகிதம் (புதுச்சேரியில் செய்கிறார்களே, அது) பார்க்க அத்தனை அழகு. ஆனால் மேடு பள்ளம் இருப்பதால் அச்சு திட்டுத்திட்டாகத்தான் விழும். ஆசையாக இருந்தால் உறை செய்ய வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டர் அளவில் இரண்டு அட்டை கிடைக்கும். அதற்குச் சரியாகப் பொருந்தும் உறை 114க்கு 162. மடிக்கும் இடத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடியுங்கள். கோடு போடாமல் கனமான அட்டையை மடித்தால் மடிப்பு பல் இளிக்கும்.

இனி கரும்பு. எனக்கு இந்த விளையாட்டிலேயே பிடித்த பகுதி இதுதான். ஐந்து ரூபாய் பென்சில் ரப்பர் ஒன்றை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். புது ரப்பரின் மேல் இருக்கும் மாவு போகாவிட்டால் மை ஒட்டாது. கம்பெனி பெயர் பொறித்த பக்கம் வேண்டாம், பின்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பேப்பர் கட்டர் பிளேடால் 8 மில்லிமீட்டர் அகலம், 15 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். அச்சுப் பதியும் முகம் ரப்பரின் பழைய வழவழப்பான முகமாகவே இருக்கட்டும். நாம் வெட்டிய முகத்தில் பிளேடு போன தடமெல்லாம் விழும். நீளப் பக்கம் இரண்டையும் நடுவில் இம்மியளவு உள்வாங்கச் செதுக்கிவிட்டால் அதுதான் கரும்பின் இரண்டு கணுவுக்கு நடுவில் உள்ள துண்டு.

இதை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஆறு முறை வையுங்கள். அந்த இடைவெளியே கணுவாகத் தெரியும். முதல் துண்டு மட்டும் பாதி அட்டையிலும் பாதி கீழே விரித்த செய்தித்தாளிலும் விழட்டும். அப்போதுதான் கரும்பு அட்டையின் அடியிலிருந்து முளைத்து வந்த மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் அந்தரத்தில் தொங்கும். நிறத்துக்கு எங்கும் போக வேண்டாம், உங்கள் ஸ்டாம்ப் பேட் ஊதா என்றால் பொங்கல் கரும்பின் நிறமே அதுதான். இன்னொன்று. ஒரு முறை மை தொட்டு மூன்று துண்டு வையுங்கள், மறுபடி தொட வேண்டாம். முதலாவது கறுத்தும் மூன்றாவது வெளுத்தும் விழும். நான்காவதுக்கு மறுபடி மை தொட்டு, முதல் அச்சைப் பழைய தாளில் தட்டிவிட்டு, அடுத்ததை அட்டையில் வையுங்கள். அடிக்கரும்பு அடர்த்தியாகவும் நுனி வெளிறியும் ஒரே மையில் வந்துவிடும்.

தோகைக்கு 30 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு பக்கமும் கூரான ஒரு மெல்லிய துண்டு. பச்சை மையில், அது இல்லாவிட்டால் அதே ஊதாவில், நான்கைந்து முறை விசிறி மாதிரி வைத்தால் முடிந்தது. ஐந்துக்கு மேல் போகாதீர்கள். நான் ஒரு வருடம் ஆசைப்பட்டு எட்டு வைத்தேன், தென்னங்கன்று மாதிரி ஆகிவிட்டது.

கரும்பை நடுவில் நிறுத்த வேண்டாம். 105 மில்லிமீட்டர் அகலத்தில் இடப்பக்கத்திலிருந்து 70 அளந்து அங்கே நிறுத்துங்கள். மீதி இடத்தைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஒரு பானை வைக்கலாமா, சூரியன் வைக்கலாமா, ஓரத்தில் புள்ளிக் கோலம் போடலாமா என்று தோன்றும். அந்த நேரத்தில் எழுந்துபோய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். அப்பாவுக்கு வந்த பழைய பொங்கல் வாழ்த்துகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய எங்கள் வீட்டில் இருக்கின்றன. பானை, மாடு, உதயசூரியன், நடிகர், முருகன் எல்லாரும் ஒரே அட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அவற்றின்மேல் பிரியம் உண்டு, இன்றைக்கும் டப்பாவைத் திறந்தால் ஜிகினா விரலில் ஒட்டும். ஆனால் அதெல்லாம் ஆஃப்செட் மெஷினில் அடித்த கூட்டம். கையால் வைக்கும் அச்சுக்குச் சுற்றிலும் காலி இடம் இருந்தால்தான் மரியாதை.

அச்சு வைக்கும் முறையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கெட்டுப்போகிற அட்டை பத்தில் எட்டு கெடுவது இங்கேதான். ஆபீஸில் சீல் குத்துகிற மாதிரி ஓங்கிக் குத்தக் கூடாது. ஸ்டாம்ப்பைக் கொண்டுபோய் பேடில் அமுக்கவும் கூடாது, பள்ளத்திலெல்லாம் மை ஏறிவிடும். ஸ்டாம்ப்பை முகம் மேலே பார்க்கப் பிடித்துக்கொண்டு, பேடைக் கையில் எடுத்து அதன்மேல் மெதுவாக ஒற்றி எடுங்கள். குழந்தைக்குப் பவுடர் ஒற்றுகிற மாதிரி. பிறகு அட்டைக்கு அடியில் ஒரு பழைய மவுஸ் பேட், அல்லது நாலைந்து செய்தித்தாள் வைத்து, எழுந்து நின்று, நேர் மேலிருந்து கீழே அழுத்துங்கள். உட்கார்ந்து அழுத்தினால் கை தன்னையறியாமல் உங்கள் பக்கம் சாயும். அப்படியும் இப்படியும் ஆட்டாதீர்கள், ஆட்டினால் ஓரம் இரட்டை இரட்டையாகத் தெரியும். மூன்று எண்ணிவிட்டு நேராகத் தூக்குங்கள்.

கைப்பிடிக்கு நான் பயன்படுத்துவது உடைந்த பிளாஸ்டிக் ஸ்கேலின் துண்டு. கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிவதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் ரப்பரை அதில் ஒட்டிவிட்டால் அச்சு எங்கே விழப்போகிறது என்று மேலிருந்தே தெரியும், மில்லிமீட்டர் கோடும் இலவசம். கைவினைக் கடைகளில் இதற்கென்றே அக்ரிலிக் கட்டை விற்கிறார்கள். ஆங்கில வாசகங்களோடு ஒளி ஊடுருவும் ஸ்டாம்ப்புகளும் கிடைக்கின்றன. அவற்றை வாங்கினால் முதலில் அச்சு முகத்தைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேயுங்கள், புதிதில் மை முத்துமுத்தாக உருண்டு நிற்கும்.

ஆனால் தமிழ் எழுத்துக்கு என்ன செய்வது? நம் ஊர் ரப்பர் ஸ்டாம்ப் கடைதான். முன்சீப் கோர்ட், தாலுகா ஆபீஸ் பக்கம் பார்த்தால் கட்டாயம் ஒன்று இருக்கும். "கைப்பிடி வேண்டாம், பார்டர் வேண்டாம், ரப்பர் மட்டும் போதும்" என்று சொல்லுங்கள். ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. எழுத்து 4 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறைய வேண்டாம். நான் முதலில் அழகுக்கு ஆசைப்பட்டு மெல்லிய சின்ன எழுத்தில் கொடுத்தேன். 'ழ'வின் சுழியில் மை அடைத்துக்கொண்டது. புள்ளிகளோ பாதி அட்டையில் விழவே இல்லை. புள்ளி விழாத 'ல்' வெறும் 'ல'தான், பொங்கல் 'பொங்கல' ஆகிவிட்டது. சுழி அகலமாகவும் புள்ளி குண்டாகவும் உள்ள எழுத்துருவாகப் பார்த்துக் கொடுங்கள்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. நான் எழுதிக் கொடுத்தது 'பொங்கல் வாழ்த்துகள்'. வந்தது 'பொங்கல் வாழ்த்துக்கள்'. கேட்டால், "எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க, நாங்களே திருத்திட்டோம்" என்றார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் என் முதல் அட்டை போக வேண்டியது ஓய்வுபெற்ற தமிழாசிரியரான பெரியப்பாவுக்கு. நடுவில் 'க்' போட்டால், "யாருக்குடா கள்ளு ஊத்துற?" என்பார். வீட்டுக்கு வந்து பிளேடால் அந்த ஒரு 'க்'கை மட்டும் செங்குத்தாக வெட்டி எடுத்தேன். ஸ்கேல் துண்டில் ஒட்டும்போது இரண்டு பக்கத்தையும் நெருக்கி வைத்தேன். உற்றுப் பார்த்தால் 'து'வுக்கும் 'க'வுக்கும் நடுவில் ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கும். பெரியப்பா கண்டுபிடிக்கவில்லை. ரப்பரை மட்டும் தனியாக வாங்கியதால் தப்பித்தேன்.

எழுத்தை எங்கே வைப்பது என்று கையைத் தூக்கிக்கொண்டு தடுமாறாமல் இருக்க ஒரு வழி. பழைய ஓஎச்பி ஷீட் அல்லது புத்தகத்துக்கு அட்டை போடும் கண்ணாடித் தாளை அட்டை அளவுக்கு வெட்டி, எழுத்து வர வேண்டிய இடத்தில் ஸ்டாம்ப்பை அதில் ஒரு முறை வைத்துவிடுங்கள். உலர்ந்ததும் ஒவ்வொரு அட்டையின் மேலும் அந்தத் தாளைப் போட்டுப் பார்த்தால் எழுத்து எங்கே உட்காரும், கரும்பில் இடிக்குமா, நேராக இருக்குமா என்று முன்கூட்டியே தெரியும். பென்சிலால் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டு தாளை எடுத்துவிடலாம். எழுத்துக்கு இடம் கரும்பின் இடப்பக்கம், அட்டையின் கீழ்ப்பாதியில். உச்சியில் வைத்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும்.

ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் மையில் இரண்டு குறை உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் பட்டால் ஊதா வழிந்தோடும். வெயில் படுகிற இடத்தில் மாதக்கணக்கில் வைத்தால் வெளுத்துவிடும். ஷோகேஸில் வைப்பார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு மட்டும் பிக்மென்ட் மை (சாயத்துக்குப் பதில் நிறத்தூள் கலந்தது) வாங்கிக்கொள்ளுங்கள். அது மெதுவாகத்தான் உலரும், மார்கழிப் பனியில் இன்னும் மெதுவாக. ராத்திரி முழுக்க அட்டைகளைத் தனித்தனியாகப் பரப்பி வையுங்கள், அடுக்கினால் ஒன்றின் கரும்பு இன்னொன்றின் முதுகில் முளைக்கும். ஈர மையில் தங்க நிறப் பொடி தூவிச் சூடு காட்டி உருக்குகிற வித்தையும் இருக்கிறது. அதற்கு ஹீட் கன் (கடும் சூடான காற்றை ஊதும் கருவி) வேண்டும். ஹேர் டிரையரில் அந்த அளவு சூடு வராது, காற்றுதான் வரும். நான் முயன்ற அன்று பொடி முழுக்கச் சாமி அலமாரி மேல் போய் உட்கார்ந்தது.

எளிமையான அட்டைக்குத் தபாலில் ஒரு லாபமும் உண்டு. தட்டையாக இருப்பதால் முத்திரை குத்தும்போது நசுங்கவோ உறையைக் கிழிக்கவோ எதுவும் இல்லை. 300 ஜிஎஸ்எம்மில் நீங்கள் செய்யும் ஒரு அட்டை ஒன்பதரை கிராமுக்குள்தான் வரும். உறையோடு சேர்த்தாலும் 20 கிராமைத் தாண்டாது. சாதாரணக் கடிதத்தின் முதல் எடைப்படி அதுதான்.

முப்பது அட்டையைக் கையால் செய்ய ஏது நேரம் என்று யாராவது கேட்டால் இங்கிலாந்து அரசு அதிகாரி ஹென்றி கோலைச் சொல்லுங்கள். வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லாமல்தான் அவர் 1843இல் லண்டனில் ஓவியர் ஹார்ஸ்லியை வரையச் சொல்லி, முதல் கிறிஸ்துமஸ் அட்டையை விற்பனைக்குப் போட்டார். அதுவும் கல் அச்சில் அடித்து, கையால் வண்ணம் பூசியதுதான். நம் கணக்குக்கு வெட்டி மடிப்பது ஒரு சாயங்காலம், கரும்பு ஒரு சாயங்காலம், எழுத்து ஒரு மணி நேரம். முப்பது வேண்டும் என்றால் நாற்பது வெட்டிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் அச்சுகளை ஈரத் துணியால் துடைத்து வெயில் படாத இடத்தில் வையுங்கள். மரக் கைப்பிடி உள்ள ஸ்டாம்ப் ஏதாவது இருந்தால் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், பசை விட்டுவிடும். கெட்டுப்போன பத்து அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். எங்கள் வீட்டிலிருந்து மளிகைக் கடைக்கு மாசி மாதம் வரைக்கும் போகிற பட்டியலெல்லாம் கோணல் கரும்பின் முதுகில் எழுதியதுதான். கடைக்காரர் போன வருடம், "இந்த வருசம் கரும்பு நேராவே நிக்கலையாக்கா?" என்று கேட்டார்.