என் மகனை வகுப்பில் யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று சந்தேகம். எப்படி உறுதி செய்வது, என்ன செய்வது?

நான் ஆசிரியை. என் தவறு ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் பையை ஒளித்து வைப்பார்கள், பட்டப்பெயர் சொல்லிச் சிரிப்பார்கள். என்னிடம் வந்து சொன்னான். நான் அவனையும் அவனைத் துன்புறுத்திய பையனையும் சேர்த்து நிற்க வைத்து, கை கொடுக்கச் சொல்லி, "இனி நண்பர்களாக இருங்கள்" என்று அனுப்பினேன். அதன் பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து அவன் அம்மா வந்து அழுதபோதுதான் தெரிந்தது: போட்டுக்கொடுத்தவன் என்று சொல்லி முன்பைவிட மோசமாக வதைத்திருக்கிறார்கள்.

நான் அதைச் சண்டை என்று நினைத்ததுதான் பிழை. சண்டையில் இரண்டு பக்கமும் பலம் இருக்கும், சமாதானம் பேசலாம். புல்லியிங் (பலமில்லாதவனைத் தொடர்ந்து துன்புறுத்துவது) வேறு. இதை 1970களிலிருந்து ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்க்க முடியாதவன்மேல் நடப்பது. அடி மட்டுமல்ல, விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவதும் வாட்ஸ்அப் குழுவில் கேலி செய்வதும் இதில்தான் வரும்.

பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். பள்ளி நாள் காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, அடிக்கடி "தொலைந்துபோகும்" பேனாவும் பணமும், சாப்பிடாமல் திரும்பும் டப்பா, வீட்டுக்கு வந்ததும் கழிப்பறைக்கு ஓடுவது (பள்ளிக் கழிப்பறைக்குப் போகவே பயம்) எல்லாம் கவனிக்க வேண்டியவை. "யாராவது உன்னை அடிக்கிறார்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "இடைவேளையில் யாரோடு இருந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். "நீயும் திருப்பி அடி" வேண்டாம், "நீ என்ன செய்தாய்?" வேண்டவே வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள், சொல்லித்தான் ஆக வேண்டும். என்ன நடந்தது, எந்த நாள், எந்த இடம், யார் பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள். போனில் வந்தவற்றை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, என்ன செய்யப்போகிறார்கள், எப்போது மறுபடி சந்திக்கலாம் என்று கேளுங்கள். மற்றப் பையனின் வீட்டுக்கு நேராகப் போகாதீர்கள். அது பெரியவர்கள் சண்டையாகிவிடும். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் பள்ளிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. பள்ளிகளில் புல்லியிங்கைத் தடுக்கும் பின்லாந்தின் கிவா திட்டம் அவர்களை வைத்தே கட்டப்பட்டது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்காவிட்டால் துன்புறுத்துபவனுக்குப் பெருமை கிடைக்காது. உங்கள் மகன் பக்கத்தில் போய் உட்காரக்கூடிய ஒரு பிள்ளையைக் கண்டுபிடிக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.

இப்போதெல்லாம் நான் இருவரையும் தனித்தனியாகத்தான் அழைத்துப் பேசுகிறேன். ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை, பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் நானே போய்க் கேட்கிறேன்.