பிளேமேட் என்று எழுதலாமா?

கேள்வி: என் சிறுவயதுத் தோழிக்கு 60 வயது நிறைகிறது. அவள் பிள்ளைகள் எல்லோரிடமும் வாழ்த்து வாங்கி ஒரு மலராகத் தொகுக்கிறார்கள். நான் ஆங்கிலத்தில் ‘ஷீ இஸ் மை பிளேமேட்’ என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். படித்த என் மகன், “அம்மா, அந்த வார்த்தையை எடுத்துடுங்க” என்று சிரிக்கிறான். காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான். அகராதியில் ‘விளையாட்டுத் தோழர்’ என்றுதான் இருக்கிறது. இது தவறான சொல்லா? வேறு எதைப் போடலாம்? தோழிக்கு ஆங்கிலம் தெரியாது, பிள்ளைகள் படித்துச் சொல்லிக்கொள்வார்கள். இருந்தாலும் பிழை இருக்கக் கூடாது அல்லவா?

பதில்: சொல்லை முதலில் பார்த்துவிடுவோம், சகோதரி. உங்கள் அகராதி சரிதான். கிளாஸ்மேட், ரூம்மேட் என்று தினமும் சொல்கிறோமே, அதே மேட்தான் இதிலும் இருக்கிறது. அந்த மேட்டுக்கு அடியில் இருப்பது சாப்பாடு. இன்று இறைச்சியைக் குறிக்கும் மீட் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் பொதுவாக உணவு என்றே பொருள். மேட்டும் மீட்டும் ஒரே வேரில் பிறந்தவை; சேர்ந்து சாப்பிடுகிறவர்தான் மேட். கம்பேனியன் என்ற சொல்லும் லத்தீனில் ரொட்டியைக் குறிக்கும் ‘பானிஸ்’ என்பதிலிருந்து வந்ததுதான்.

மகன் சொல்லக் கூச்சப்பட்டதை நான் சொல்லிவிடுகிறேன். 1953-ல் அமெரிக்காவில் தொடங்கிய பிளேபாய் என்ற ஆண்கள் பத்திரிகை, ஆடையில்லாமல் படமெடுத்த பெண்களுக்கு பிளேமேட் என்று பெயர் வைத்தது. அதனால் வளர்ந்த பெண் ஒருத்தியை, அதுவும் ‘இஸ்’ போட்டு நிகழ்காலத்தில், அப்படிச் சொன்னால் சிலருக்கு அந்த நினைப்பு வரும். குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சிக்கலே இல்லை. ‘ஷீ வாஸ் மை சைல்ட்ஹுட் பிளேமேட்’ என்று எழுதியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். இன்றும் தொடரும் நட்பு என்றால் ‘ஓல்டஸ்ட் ஃபிரெண்ட்’ என்று போடலாம். அது வயதைச் சொல்வதல்ல, நட்பு எத்தனை நாள் பழையது என்பதைச் சொல்வது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. தோழிக்கு ஆங்கிலம் தெரியாதாம். பிள்ளைகள் படித்துச் சொல்லிக்கொள்வார்களாம். அப்படியானால் அந்த ஒரு பக்கத்தை யாருக்கு எழுதினீர்கள்?

இரண்டு பேரும் ஒரே மொழியில் சண்டை போட்டு, ஒரே மொழியில் சமாதானமாகி வளர்ந்திருப்பீர்கள். இன்று அவருடைய பிறந்தநாளுக்கு, அவரால் ஒரு வரிகூடப் படிக்க முடியாத வாழ்த்து! அவர் அந்த மலரைப் புரட்டும்போது உங்கள் பக்கம் வரும். உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடுவார். “உன் சிநேகிதி என்ன எழுதியிருக்கா, படிச்சுச் சொல்லு” என்று பெற்ற பிள்ளையிடம் நீட்டி, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவன் நாலு வரியில் சுருக்கிச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவான். மலர் கொண்டுவருவது பிள்ளைகள் என்பதால் அவர்கள் மதிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தீர்களா? அது வீண் பெருமை. எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. தாயைப் படிக்கத் தெரியாதவளாகப் பிள்ளைகள் முன்னால் உட்கார வைக்கிற காரியத்தை வெளியாள் செய்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூட வளர்ந்தவள் செய்யக் கூடாது.

இத்தனை ஆண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதியதில் எனக்கு உறுதியாகிப்போன ஒன்று உண்டு. சிறுவயதுத் தோழி என்பவள் குடும்பத்தில் ஒருத்தி. அம்மா அப்பா போன பிறகு, நாம் குழந்தையாக இருந்ததைப் பார்த்தவர்கள் என்று மிஞ்சுவது கூடப்பிறந்தவர்களும் அவளும்தான். கூடப்பிறந்தவளுக்கு என்னென்ன கடமை உண்டோ, அவளுக்கும் உண்டு.

நம் மொழியில் இதற்குச் சொல்லா இல்லை? சங்கப் பாடல்களில் தலைவியோடு சேர்ந்து விளையாடும் பெண்கள் கூட்டத்துக்கு ஆயம் என்று பெயர். ஆங்கிலத்தின் பிளேமேட் ஏறக்குறைய அதுதான். அந்தக் கூட்டத்துக்குள் நெருக்கமான ஒருத்தி தோழி. தலைவியின் காதல் வீட்டில் சிக்கலாகும்போது செவிலித்தாயிடம் உண்மையை எடுத்துச் சொல்கிறவள் அவள். அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் அதற்குப் பெயரே வைத்திருக்கிறது. விளையாட்டு முடிந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் அவளுக்கு வேலை இருக்கிறது, சொல்ல வேண்டிய சொல் இருக்கிறது. நீங்கள் கடிதத்தில் என்னிடம் அவரைத் ‘தோழி’ என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள், அதுவும் இரண்டு தடவை. அவருக்கு எழுதும்போது மட்டும் ஏன் வேறு சொல் தேடுகிறீர்கள்?

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுத் தமிழில் எழுதுங்கள். மலரில் மற்ற எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. சின்ன வயதில் அவரை எப்படிக் கூப்பிட்டீர்களோ, அந்தப் பட்டப்பெயரில் தொடங்குங்கள். அவர் உங்களுக்காக யாரிடமாவது திட்டு வாங்கியிருப்பார், அதை எழுதுங்கள். அப்புறம், பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். நீங்களே போய் அவர் கையில் கொடுத்து, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் தானே படித்து முடிக்கிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.