பிடிகருணை மசியலில் நாக்கு அரித்தால்

பிடிகருணை மசியல் உண்டதும் நாக்கு அரித்தது, மீதிக் கிழங்கை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மீதமுள்ள கிழங்கை எறிந்துவிட வேண்டாம். அதை இரண்டு வாரம் காற்றோட்டமான இடத்தில் உலர வைத்து, பிறகு தோலோடு அரிசி கழுவிய நீரில் குழைய வேகவைத்து, புளிக்கரைசல் சேர்த்து மசித்தால் காறல் (அந்த அரிப்பு) பெரும்பாலும் அடங்கிவிடும்.

உழவர் சந்தையில் அன்றே தோண்டியதாகப் பார்த்து வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுவாகவே இருக்கக்கூடும். கீரைக்கும் வெண்டைக்கும் பொருந்தும் அந்த விதி கருணைக்குப் பொருந்தாது. ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களே நாக்கில் குத்துகின்றன. புதுக்கிழங்கில் காறல் மிகுதி என்பதால்தான் பழகிய கைகள் தோல் சுருங்கிய பழைய கிழங்கைப் பொறுக்குகின்றன. (விற்பவரிடம் கேட்டால் அவரே எடுத்துத் தருவார், கேட்கத்தான் நமக்குத் தயக்கம்.)

வெந்ததும் நடுப்பகுதியில் கத்தியைச் செருகிப் பாருங்கள். தடையின்றி இறங்கினால், புளியில் கொதித்த மசியலில் மிளகளவு எடுத்து நாக்கில் வைத்துச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். அரித்தால் மேலும் புளி விட்டுக் கொதிக்கவிடுங்கள்.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை உண்ண வேண்டாம். தொண்டை வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.