உளவியல் படித்தவர் விமானப் பாதுகாப்பில் முதுகலை படிக்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “உளவியலில் பட்டம் முடித்துவிட்டேன். விமானத்துறையில் மனிதக் காரணிகளும் பாதுகாப்பும் பற்றி முதுகலை படிக்க ஆசை. எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாது. முடியுமா?”

தாராளமாக முடியும் தங்கச்சி. மனிதக் காரணிகள் என்றால், வேலையில் ஆட்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், ஏன் தவறுகிறார்கள் என்று பார்ப்பதுதான். நானும் உங்கள் ஊர்ப்பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். சுபாங்கில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டே இந்தப் படிப்பை முடித்தேன். என்னோடு விமானிகளும் படித்தார்கள், உளவியல்காரர்களும் படித்தார்கள். ஆய்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது, நேர்காணல் எடுப்பது என்று வந்தபோது தடுமாறியது ஸ்பேனர் பிடித்த நாங்கள்தான்.

முதலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்ட விபத்து. 1977 மார்ச் 27, ஓடுபாதையில் மூடுபனி. நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானம் புறப்பட அனுமதி கிடைக்காமலே ஓடத் தொடங்கியது. எதிரே இருந்த அமெரிக்காவின் பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேஎல்எம் விமானப் பொறியாளர் சந்தேகப்பட்டுக் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். அந்த நிறுவனத்தில் போயிங் 747 விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தலைமை ஆசிரியரே அவர்தான். அதற்குமேல் யார் பேசுவார்கள்? இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அதைக் கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று இரண்டு நாளாகத் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கும்போது சொல்லலாம் என்று வாய் வரை வருமாம். தோட்டத்துக் கணக்கர் கிராணியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடும். மூன்றாம் நாள் மேட்டில் வண்டி பின்னால் உருண்டு, அப்பாவின் கால் முறிந்தது. “கவனக்குறைவு” என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். அவர் ஏன் சொல்லவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தப் படிப்பு அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. டெனெரிஃபே போன்ற விபத்துகளுக்குப் பிறகு 1979இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது. துணை விமானி வாய்திறக்கவும் கேப்டன் காதுகொடுக்கவும் பழக்கும் சிஆர்எம் (Crew Resource Management) என்ற விமானக் குழுப் பயிற்சி அதிலிருந்துதான் வளர்ந்தது. இப்போது எங்களைப் போன்ற பராமரிப்பு ஆட்களுக்கும் மனிதக் காரணிப் பயிற்சி உண்டு.

இங்கிலாந்தில் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் இதற்குப் பேர்போனது. ஆனால் கட்டணம் பிரிட்டிஷ் பவுண்டில். எடுத்த எடுப்பில் கடன் வாங்கிப் போகாதீர்கள். ஒரு விமான நிறுவனத்திலோ விமான நிலையத்திலோ பாதுகாப்புப் பிரிவில் சின்ன வேலையாக இருந்தாலும் சேர்ந்து, ஓரிரு வருடம் இரவு ஷிப்ட்டில் ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கூடவே இருந்து பாருங்கள். பாடம் அப்போதுதான் மனதில் ஒட்டும்.

விண்ணப்பத்தில் ஏன் இந்தப் படிப்பு என்று எழுதச் சொல்வார்கள். உங்கள் வீட்டில் யாராவது ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியிருந்தால், அவர்களிடம் உட்கார்ந்து பேசிவிட்டு எழுதுங்கள்.